முதல் டம்ளர்

தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டால் அக்கா அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். விளிம்பு ஒரு பக்கம் நெளிந்துபோன பழைய டம்ளர். டிரைவர் இறங்கி, ரப்பர் ஹோஸை இழுத்து எங்கள் தொட்டியில் விடப் போகும்போது குறுக்கே நின்று, ஹோஸின் வாயில் அந்த டம்ளரைப் பிடிப்பாள். முதல் தண்ணீர் அதில்தான் விழ வேண்டும். நிரம்பியதும் டிரைவரிடம் நீட்டுவாள்.

"குடி நைனா."

"யக்கா, பின்னாடி கண்டெய்னர் வண்டிக்காரன் ஆரன் அடிச்சிகினு கீறான். வுடு, தண்ணிய எறக்கிட்டு ஜல்தியா பூட்றேன்."

"அவன் அடிக்கட்டும். நீ மொதல்ல குடி."

குடித்தால் ஹோஸ் தொட்டிக்குள் போகும். குடிக்காமல் முகத்தைச் சுளித்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அன்றைக்கு எங்கள் தொட்டி காய்ந்து கிடந்தாலும் சரி, தெரு அடிபம்பில் குடம் குடமாக அடித்துத்தான் உலை வைக்க வேண்டும் என்றாலும் சரி, அவள் மனசு இளகாது. லாரிக்காரர்கள் தங்களுக்குள் அவளை டம்ளர் பைத்தியம் என்பார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. "பைத்தியம்னே வெச்சிக்க. பைத்தியம் சொல்லுது, குடி" என்றாள்.

நான் சொல்வது இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். மழை பொய்த்துப்போய், வட சென்னையே பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் நின்ற காலம். அக்கா திருவொற்றியூரில், எண்ணூர் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் சமையல் கூடம் நடத்தினாள். பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு எங்களிடமிருந்து போகும். அங்கே குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்பதால், குடிதண்ணீரும் மோரும்கூட டிரம்மில் நாங்களே ஏற்றி அனுப்ப வேண்டும். சோறும் சாம்பாரும் கொதித்து வெந்து போகின்றன. குடிதண்ணீர் லாரியிலிருந்து வந்தபடி போகிறது. அக்காவின் பயமெல்லாம் அதில்தான் இருந்தது. நான் அங்கே காய்கறி வாங்குவதிலிருந்து வேனில் கேரியர் ஏற்றுவதுவரை பார்த்துக்கொண்டேன்.

"நம்ம கை சுத்தம் நமக்குத் தெரியும் செல்வி. வெளியாளு கை எதத் தொட்டுட்டு வந்துச்சோ, யாரு கண்டா?" என்பாள் அக்கா.

வெளியாள் இல்லாமல் தொழில் நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். தண்ணீருக்கு ஓர் ஆள், மின்சாரத்துக்கு ஓர் ஆள், அடுப்புக்கு ஓர் ஆள், கரப்பானுக்கு மருந்தடிக்க ஓர் ஆள். சிறிய தொழில் செய்கிறவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் படுகிற பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பெரிய கம்பெனி என்றால் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு ஒரு பொம்பளை எதிரில் நின்றால், பாதி வேலைக்கு முழு வேலை என்று பேர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு அக்கா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. செய்தவன் எவனோ, அவனே முதலில் அதை அனுபவிக்க வேண்டும்.

எங்கள் கிரைண்டர் ஷாக் அடித்தது. கொட்டகைக்காரர் ஓர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். அவன் ஏதோ திருகினான், டேப் சுற்றினான், "ஓகே ஆய்டுச்சிக்கா" என்று பையை மூடினான். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள்.

"செருப்ப கழட்டு. இதுல நின்னுகினு நீயே ஸ்விட்ச்சப் போட்டு மாவத் தள்ளு."

அவன் ஒரு செருப்பைக் கழற்றினான். இன்னொன்றைக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்தான், கிரைண்டரைப் பார்த்தான். "ஒரு நிமிசங்க்கா, எர்த்து ஒயரு ஒண்ணு பாக்கி கீது" என்று மறுபடியும் பையைத் திறந்தான். அந்த ஒயரை அவன் மறந்து விட்டுப் போகவில்லை, தெரிந்தேதான் விட்டான். தினமும் அந்த ஈரத் தரையில் நின்று மாவரைக்கிற கன்னியம்மாவின் உயிர் அவனுக்கு ஒரு முழ ஒயரின் மதிப்புகூடப் பெறவில்லை. நான் அவனிடம் கத்தித் தீர்த்தேன். அக்கா கத்தவில்லை. அவன் ஒயரைப் போட்டு முடித்து, வெறுங்காலோடு நின்று ஒரு ஈடு மாவை அரைத்துக் கொடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கரப்பான் மருந்துக்காரன் டை கட்டிக்கொண்டு வந்தான். "மேடம், இது ஹெர்பல். கொழந்தை நக்கினாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லிச் சுவரோரமெல்லாம் அடித்தான். அடித்து முடித்ததும் அக்கா அதே சுவரோரம் தரையில் ஒரு வாழையிலையை விரித்துச் சோறு போட்டாள்.

"குந்து தம்பி. சாப்ட்டுப் போ."

"இல்ல மேடம், இன்னிக்கு விரதம்."

"இன்னா விரதம்? காலைல முக்குக் கடையாண்ட முட்ட போண்டா துன்னுகினு நின்னத நா பாத்தனே."

அவன் போன பிறகு நாங்கள் எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துப் போட்டு, சுவரையும் தரையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். கரப்பான்கள் தப்பித்தன. நாங்களும் தப்பித்தோம் என்று அக்கா சிரித்தாள்.

எல்லோரும் அப்படியில்லை. கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய ஒரு பாய் வருவார். வேலை முடிந்ததும் யாரும் சொல்லாமலே முகத்தை பர்னருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மோந்து பார்த்து, தானே பற்றவைப்பார். அரைகுறையாக வேலை செய்தவன் இவ்வளவு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக மாட்டான். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அப்படியும் ஒவ்வொரு தடவையும் "பாய், நீங்களே பத்த வெச்சிடுங்க" என்று சொல்லாமல் விடமாட்டாள். அவர்தான் பற்றவைக்கிறாரே, எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அவுரு நல்லவருதான். நல்லவருக்கும் ஒரு நாளு கண்ணு அசரும்" என்றாள்.

அவளும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. வேன் கிளம்புவதற்கு முன்னால் எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ஒரு தட்டில் போட்டு, நின்றுகொண்டே சாப்பிடுவாள். மோரிலும் ஒரு வாய். அப்புறம்தான் வேனுக்குக் கை காட்டுவாள்.

இவ்வளவு உஷாராக இருந்தவளைத்தான் கவிழ்த்தார்கள்.

எங்கள் சாப்பாட்டில் முக்கால்வாசி ஒரே ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போனது. அந்த ஆர்டர்தான் எங்கள் கூடத்தின் உயிர். எட்டு ஒன்பது பெண்கள் அதை நம்பி அடுப்பெரித்தார்கள். பாதிப் பேர் புருஷன் இருந்தும் இல்லாதவர்கள். அங்கே ஆட்கள் விஷயத்தைக் கவனித்த பர்சனல் அதிகாரி ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன்.

"ஏம்மா, தண்ணி யார்கிட்ட வாங்கறீங்க?"

"மூணு நாலு லாரிக்காரங்க சார். எவன் நல்ல தண்ணி எத்தாரானோ அவங்கிட்ட. டிரைவரக் குடிக்க வெச்சிப் பாத்துட்டுத்தான் எறக்குவேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன். "டம்ளர் வெச்சுப் பாக்கறதெல்லாம் நாளைக்கு ஒரு பிரச்னைன்னா நிக்காதும்மா. பேப்பர் வேணும். நான் ஒரு கம்பெனி சொல்றேன், அவங்ககிட்ட வாங்குங்க. டெஸ்ட் ரிப்போர்ட், லைசென்ஸ், எல்லாம் பக்காவா வெச்சிருக்காங்க."

"பேப்பரு இருந்தா தண்ணி நல்லாய்டுமா சார்?"

"தண்ணி எப்படியோ போகட்டும். யாராவது வந்து கேட்டா காட்டறதுக்கு என் கையில ஒண்ணு இருக்கணும்ல?"

அந்த ஆளின் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். அந்தக் காகிதம் குடிக்கிறவனைக் காப்பாற்ற அல்ல, அவரைக் காப்பாற்ற. அன்றைக்கு எனக்கு அது சட்டென்று உறைக்கவில்லை. ஆர்டர் போய்விடக் கூடாதே என்ற கவலையில் நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

அந்தக் கம்பெனி லாரிகள் பளிச்சென்று நீல வர்ணம் அடித்து, பக்கவாட்டில் அருவிப் படம் வரைந்து வந்தன. சென்னையில் எந்த அருவியிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று நான் கிண்டலடித்தேன். எங்களுக்கு வந்த லாரியை சேகர் என்று ஒரு டிரைவர் ஓட்டினான். கொடுங்கையூர்க்காரன், முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். மற்ற டிரைவர்களைப் போல முணுமுணுக்கவே மாட்டான். அக்கா டம்ளரை நீட்டினால் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "போதுமாக்கா?" என்பான்.

தண்ணீரில் மருந்து வாசனை அடித்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது. எங்கள் பக்கத்தில் கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் வாசனையோடுதான் வரும். அந்த வாசனை வந்தால் சுத்தமான தண்ணீர், வராவிட்டால் எங்கேயோ கிணற்றிலோ குட்டையிலோ மொண்டது என்று பிறந்ததிலிருந்து பழகியிருந்தோம். அக்காவும் டம்ளரை மோந்து பார்த்து, "மருந்து போட்ட தண்ணிடி. பேப்பருகாரன் பரவால்ல" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். சேகரும் குடித்தான். வேறென்ன வேண்டும்?

சேகர்மேல் அவளுக்குப் பாசமே வந்துவிட்டது. லோடு இறக்கி முடிப்பதற்குள் தட்டில் இரண்டு தோசை வைத்துக் கொடுப்பாள். "சொன்ன ஒடனே குடிக்கிறான் பாரு. மடியில கனமில்லாதவனுக்கு இன்னா பயம்?" என்று மற்ற டிரைவர்களுக்கு அவனைத்தான் உதாரணம் காட்டுவாள்.

ஒரு மழைக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் ஆட்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஒரு ஷிப்டில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாளே எங்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். அதிகாரி எங்கள் கொட்டகைக்கே வந்து, மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு, பெண்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

"கை கழுவாத பொம்பளைங்கள வெச்சு சமைச்சா இப்படித்தான் ஆகும்."

கன்னியம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்காயமும் மிளகாயும் அரித்து, கழுவிக் கழுவித் தோலுரிந்த கைகள். அதைப் பார்த்துவிட்டு அந்த மனுஷன் காரில் ஏறிப் போனார்.

தண்ணீர்க் கம்பெனி அதற்கும் மேலே போனது. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். எங்கள் தொட்டியைக் கழுவாததால்தான் அவர்களுடைய நல்ல தண்ணீர் கெட்டுப்போனது என்று தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தொட்டியைக் கழுவவில்லையாம்! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வந்ததும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரோடு தொட்டிக்குள் இறங்குகிறவள் அக்கா. நாங்களும் எங்கெங்கோ போய்ப் புகார் கொடுத்தோம். வந்து பார்த்தவர்கள் லாரியைப் பார்க்கவில்லை. எங்கள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே அருவிப் படம் போட்ட லாரி ஒன்று எங்கள் தெரு வழியாகப் போனது. வேறு டிரைவர் ஓட்டினான். சேகர் எங்கே என்று அக்கா ஓடிப்போய்க் கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றான்.

போய்ப் பார்த்தோம். கண் இரண்டும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சேகரு, இப்டி கீற?"

"மஞ்ச காமாலயாம்க்கா."

அக்கா கொண்டுபோன கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அப்புறம் மெதுவாக, "தண்ணி எங்க ரொப்பின?" என்றாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவிதான் விசிறியை வீசிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "சொல்லேன்யா. இன்னும் யாருக்குப் பயந்துகினு கீற?"

"மீஞ்சூராண்ட போய்தான் ரொப்பணும்க்கா. அங்க லைனு நிக்கணும். போக வர டீசலு. எங்க ஊராண்ட, குப்பமேட்டுக்கு இந்தப் பக்கமா ஒரு கெணறு கீது. அங்கயே ரொப்பிக்கச் சொல்லிட்டாரு ஓனரு. நாத்தம் தெரியாம இருக்க பிளீச்சிங் பவுடரு கொட்டி எத்தாருவோம்."

"தெரிஞ்சேவாடா குடிச்ச?"

"குடிக்கலன்னா நீ லோட எறக்க வுட மாட்டியேக்கா. லோடு திரும்பிப் போனா ஓனரு வேற ஆளப் போட்ருவாரு. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிகினு இன்னா பண்றது? நீ டம்ளர நீட்டுவ, நா கண்ண மூடிகினு குடிச்சிருவேன்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொன்னான். அக்காவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நாங்கள் அம்பைக் கூப்பிட்டு, நிற்கவைத்து, குடி குடி என்று கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவன் குடித்ததை நம்பித்தான் அத்தனை பேருக்கும் அந்தத் தண்ணீரை அனுப்பியிருக்கிறோம். முடியாது என்று சொல்ல வழியில்லாதவன் குடித்துக் காட்டினால் அதில் என்ன தெரியும்? அவனுக்கு வேலை வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவனையாடி நா குடிக்க வெச்சேன்?"

மறுநாள் காலையில் அக்கா தூக்குவாளியோடு கிளம்பினாள். கடைசி லோடில் தொட்டியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீர் அதில் இருந்தது. மறு கையில் டம்ளர். நானும் கூடப் போனேன். ராயபுரத்தில் ஒரு மாடியில் அந்தக் கம்பெனியின் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சாமி காலண்டர், மூலையில் சீல் வைத்த மினரல் வாட்டர் கேன். முதலாளி வெள்ளைச் சட்டைக்காரர், மரியாதையானவர். ஒரு சத்தம் போடவில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க. நடந்தது எல்லாருக்கும் வருத்தம்தான். என்ன சாப்பிடறீங்க, கூல்டிரிங்க்ஸ் சொல்லவா?"

அக்கா தூக்குவாளியைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, அவர் மேஜைமேல் வைத்தாள்.

"எனுக்கு ஒண்ணும் வேணாம் சார். நீங்க இத குடிங்க. குடிச்சிட்டீங்கன்னா எந் தொட்டிதான் கலீஜு, எம் பொம்பளைங்கதான் கை கழுவலன்னு நா எய்தியே குடுத்துட்டுப் போறேன்."

அவர் டம்ளரைப் பார்க்கக்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விரித்தார். பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரை வைத்த காகிதங்கள். "இதப் பாருங்கம்மா. எங்க தண்ணி லேப்ல டெஸ்ட் பண்ணது."

"நல்லதா போச்சி. அப்ப குடிங்க."

"நான் வெளித் தண்ணி குடிக்கறதில்லம்மா. தொண்டை ஒத்துக்காது."

"வெளித் தண்ணியா? இது ஒங்க தண்ணி சார்."

அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. கதவுப் பக்கம் நின்ற ஆபீஸ் உதவியாளரைக் கூப்பிட்டார். நரைத்த மீசையோடு, அக்காவை விட வயதான மனுஷர். "ஏம்ப்பா, அந்தத் தண்ணிய நீ கொஞ்சம் குடிச்சுக் காட்டு. அம்மாவுக்குச் சந்தேகமாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெரியவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்தார், டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனார். என் உடம்பு பற்றி எரிந்தது. ஒரு மனுஷன் தன் விஷத்தைத் தானே குடிக்கமாட்டேன் என்பது இருக்கட்டும். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, அதை இன்னொருவன் வாயில் ஊற்ற அவனுக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை தேவைப்படவில்லை. காபி கொண்டுவா என்பதுபோலச் சொன்னான்.

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி கீழே விழுந்தது. பெரியவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள்.

"நீயும் குடிக்க மாட்ட. இவுரு குடிக்கவும் கூடாது. ஒங் காயிதம் குடிக்கட்டும்."

விரித்து வைத்திருந்த ஃபைலில் அந்தத் தண்ணீரை ஊற்றினாள். நிதானமாக ஊற்றினாள், கடைசிச் சொட்டு வரைக்கும். முதலாளி "ஏய், ஏய்" என்று எழுந்து நின்று காகிதங்களை உதறினார். முதல் தடவையாக அந்தத் தண்ணீரைக் கண்டு அவர் பதறியது அப்போதுதான். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலேயே அந்தப் பெரியவர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பாத்துப் போங்கம்மா, படி வழுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

இதனால் நியாயம் கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. பெரிய ஆர்டர் திரும்பி வரவில்லை. வேறு ஒரு காண்டிராக்டர் வந்தார். அவருக்கும் அதே அருவிப் படம் போட்ட லாரிதான் தண்ணீர் இறக்கியது. அதிகாரியிடம் காட்டுவதற்குப் புதிதாகக் காகிதம் இருந்திருக்கும். கை கழுவாத பொம்பளைங்க என்று சொன்ன வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. இதையெல்லாம் எழுதும்போதே எனக்குப் பேனா அழுந்துகிறது. இப்போது யாரை வேலைக்குக் கூப்பிடுவதென்றாலும் போனில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறார்கள். நான் மாத்தூரில் நடத்துகிற சின்ன டிபன் கடைக்குத் தண்ணீர் போடவும் ரிப்பேர் பார்க்கவும் வருகிறவர்களிடம் நட்சத்திரம் கேட்பதில்லை. உங்கள் ஓனர் வீட்டுக்கும் இதையேதான் போடுகிறீர்களா என்று கேட்கிறேன். பாதிப் பேர் அதற்கே நெளிகிறார்கள்.

அக்காவின் கூடம் மூடவில்லை. லேத் பட்டறைகளும் வெல்டிங் ஷெட்டுகளும் சாப்பாடு கேட்டன. பெண்களில் சிலரை அனுப்ப வேண்டியிருந்தது, கன்னியம்மா மட்டும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். சேகர் உடம்பு தேறி வந்தபோது அந்தக் கம்பெனியில் அவனுக்கு வேலை இல்லை. அக்கா எங்கள் வேனை ஓட்டச் சொன்னாள்.

சட்டத்தையும் மாற்றினாள். இனிமேல் டிரைவர் குடிக்க வேண்டாம், லாரி எவனுடையதோ அவன் வந்து குடிக்க வேண்டும். இதைக் கேட்டு எத்தனையோ லாரி முதலாளிகள் சிரித்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். மீஞ்சூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் மட்டும், தனக்கு லாரி ஒன்றே ஒன்றுதான், வருகிறேன் என்றார். வந்தார், குடித்தார், ஊறுகாய் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு அவரே நிலைத்தார்.

ஒரு நாள் அவருடைய லாரி மட்டும் வந்தது, அவர் வரவில்லை. ஏதோ கல்யாணமாம். உலை கொதிக்கிறது, டிரம்கள் காலி. தெருவில் வண்டிகள் ஆரன் அடிக்கின்றன. அக்கா டம்ளரோடு ஹோஸ் வாயில் நிற்கிறாள், டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிகிறான். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சேகர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் டம்ளருக்குக் கை நீட்டினான்.

"குடுக்கா. நா குடிச்சிப் பாக்கறேன். நேரமாவுது."

அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள். கண் கலங்கிவிட்டது. கலங்கினால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"நீ தொடாத. நீ குடிச்சதெல்லாம் போதும். டேய் டிரைவரு, ஓனரு எந்த மண்டபத்துல கீறாரோ அங்க போன் பண்ணு. தாலி கட்டியாய்டுச்சின்னா இங்க வரச் சொல்லு."

லாரி அப்படியே நின்றது. தெருவே எங்களைத் திட்டியது. பட்டறைகளுக்குச் சாப்பாடு தாமதமாகும் என்று நான் போன் செய்து திட்டு வாங்கிக்கொண்டேன். பட்டு வேட்டியோடு, வியர்த்து வழிய, மொபெட்டில் அந்த மனுஷர் வந்து சேர்ந்தார். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. நின்றபடி டம்ளரை வாங்கி முழுதும் குடித்துவிட்டு, "எறக்குப்பா" என்றார்.

ஹோஸ் தொட்டிக்குள் போனது. அக்கா டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மோர்ப் பானையைத் திறந்து, ஒரு கரண்டி மொண்டு முதலில் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். அப்புறம் டம்ளர் நிறைய ஊற்றி சேகரிடம் நீட்டினாள்.

"நா குடிச்சிட்டேன்டா. இப்ப நீ குடி."